அங்கம்மா வீட்டில் என் டிவி

அடுத்தவர் வசதியைப் பார்த்து வயிறெரிகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் ஏழ்மையைப் பார்த்து வயிறெரிந்தவள் இந்த ஸ்கூடாய் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த ஏழ்மைக்குச் சொந்தக்காரி என் பக்கத்து வீட்டு அங்கம்மா. எனக்கு ஏழு வயதிலிருந்து அவளைத் தெரியும். இப்போது எங்கள் இருவருக்குமே நாற்பத்தொன்பது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு என்னென்ன கிடைத்தது, எனக்கு என்னென்ன கிடைக்கவில்லை என்று வரிசை தப்பாமல் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

நாங்கள் இருவரும் கூலாய் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள். என் அப்பா அங்கே மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்க்கிறவர். அவளுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். நாங்கள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு குலை சரிந்து அவர் முதுகில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. அன்றைக்குத் தொடங்கியது அங்கம்மாவின் அதிர்ஷ்டம். இலவசப் புத்தகம் அவளுக்கு, பால் பாக்கெட் அவளுக்கு. வருஷப் பிறப்பில் வெள்ளைக் காலணி, அதுவும் பெட்டியோடு, தாள் சுற்றி, தலைமையாசிரியர் கையால், எல்லாப் பிள்ளைகள் முன்னாலும். என் காலில் இருந்தது அதைவிட நல்ல காலணிதான். ஆனால் அதை யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லையே. அப்பாவிடம் போய் அழுதேன். "நீ மண்டோர் மக, அதெல்லாம் வாங்கக்கூடாது" என்றார். மண்டோர் மகளாக இருப்பது ஏதோ ஒரு குறைபாடு என்றுதான் எனக்கு அப்போது விளங்கியது.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், அவள் பள்ளியை விட்டு மின்னியல் தொழிற்சாலைக்குப் போனாள். நான் ஐந்தாம் படிவம் முடித்தேன். அதில் நான் ஜெயித்தேன் என்று ஆறு மாதம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு அவள் சம்பளத்தில் அம்மாவுக்குப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டாள், அந்தச் சந்தோஷமும் போய்விட்டது.

நான் பெர்னார்டைக் கட்டிக்கொண்டேன். அவர் தெப்ராவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குணத்தில் பச்சைத் தண்ணீர். அங்கம்மா கட்டிக்கொண்டது வீரமுத்து என்ற வெல்டரை. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, இந்தத் தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், எங்களுக்கு அடுத்த வீடு காலியாகி, அவர்களே வந்து குடியேறினார்கள். ஜொகூர் முழுக்க வீடு இருக்க, என் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவளுக்கு அமைய வேண்டுமா? வீரமுத்து அப்போது தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஒன்பது வருஷம் சிங்கப்பூர் வெள்ளி. ஏர்கோன் வந்தது, பீரோ வந்தது, அங்கம்மாவின் கழுத்துக்கு இரட்டை வடச் சங்கிலி வந்தது. அந்தச் சங்கிலியை என் நாத்தனார் கல்யாணத்துக்கு நான் இரவல்கூட வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். பீரோவின் மேல் தட்டில், பிஸ்கட் டின்னுக்குள், பழைய துணியில் சுற்றி வைத்திருந்ததை அவளே எடுத்துக் கொடுத்தாள். கல்யாண வீட்டில் எல்லாரும் சங்கிலியைத்தான் விசாரித்தார்கள். என்னுடையது என்றேன்.

அந்த நாட்களிலும் எனக்கு வயிறெரிந்தது. அது ஊர் உலகத்தில் எல்லாருக்கும் வருகிற வயிற்றெரிச்சல், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசல் கிரில்லுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்த வீரமுத்து அப்படியே சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிப்போனது. சிங்கப்பூர் வேலை அன்றோடு சரி. அங்கம்மா கெலாங் பாத்தாவில் பஸ் கழுவப் போனாள். ஜொகூர் ஆட்களைச் சிங்கப்பூர் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிப் போகும் பஸ்கள் காலையில் ஆளை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பி வந்து நிற்கும். அவற்றை உள்ளும் வெளியும் கழுவித் துடைப்பது அவள் வேலை. சிங்கப்பூருக்குப் போகாமலேயே அவளுக்கு சிங்கப்பூர் அழுக்கு கிடைத்துவிட்டது என்று நான் ஒருமுறை பெர்னார்டிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அவளுக்கு ஒரே மகள், லோஷினி. எனக்கு ஒரே மகன், பிராண்டன். ஒரே வருஷத்தில் எஸ்.டி.பி.எம் பரீட்சை எழுதினார்கள், இரண்டு பேருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. லோஷினிக்கு வடக்கே கெடாவில் பொறியியல். பிராண்டனுக்கு இங்கேயே ஸ்கூடாயில், மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் பட்டப்படிப்பு படிக்க அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறதல்லவா, அதற்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தார்கள். கடன் இல்லை அது, திருப்பித் தர வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் வாயில் அது சுருக்கமாக 'பந்துவான்'. குடும்ப வருமானம் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் கிடைக்கும். மேலே இருந்தால் கிடைக்காது.

இரண்டு பாரத்தையும் என் சாப்பாட்டு மேசையில், பிராண்டனின் மடிக்கணினியில் நான்தான் நிரப்பினேன். அங்கம்மா தஸ்தாவேஜுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து கொட்டினாள்.

"நீயே போடு லா ஐலீன். எனக்கு இதெல்லாம் கண்ணக் கட்டுது."

"கிடைக்கலன்னா என்ன செய்வ?" என்று கேட்டேன், தட்டச்சு செய்தபடி.

"என்ன செய்ய? விடுதி, சாப்பாடு, போக வர பஸ்ஸு, கடன் எடுத்தாலும் எனக்கு எட்டாது. இவளுக்கும் நான் கழுவுற பஸ்ஸிலேயே ஒரு சீட்டுப் போட்டு சிங்கப்பூர் ஃபேக்டரிக்கு அனுப்ப வேண்டியதுதான்." சாதாரணமாகத்தான் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோஷினி தலையைத் தூக்கவில்லை.

அவளுடைய பாரத்தில் தகப்பன் தொழில்: இல்லை. தாய் தொழில்: பஸ் துப்புரவு. கோட்டுக்கு எவ்வளவோ கீழே. என்னுடையதில் தாய் தொழில் என்ற இடத்தில் குடும்பத் தலைவி என்று போட்டேன். நான் வீட்டில் கேக் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன், மாதத்துக்கு இருபது முப்பது கேக் போகும். அதை யாராவது வேலை என்று சொல்வார்களா? பெர்னார்டின் மூன்று மாதச் சம்பளச் சீட்டை ஏற்றினேன்.

அந்த மூன்று மாதம் பார்த்துத்தானா அவர் ஓவர்டைம் செய்ய வேண்டும்? தொழிற்சாலைக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது. மனுஷன் ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட விட்டுவிட்டு வேலைக்கு ஓடினார். நான்தான் விரட்டினேன், ஐம்பத்தைந்து அங்குல டிவி வேண்டும் என்று. டிவி வந்து சுவரில் ஏறியது, நாங்கள் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டோம்.

முடிவு வந்த அன்று லோஷினி தன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் முதலில் என்னிடம் ஓடிவந்தாள். "ஆண்டி, கிடைச்சிருச்சு ஆண்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பிராண்டனுடைய முடிவு அதே நேரத்தில் மேசைமேல் திறந்தபடி கிடந்தது. வெற்றியில்லை, குடும்ப வருமானம் வரம்புக்கு மேல். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கை தட்டியது, வயிறு பற்றி எரிந்தது.

"கடன் எடுத்துப் படிக்கட்டும்" என்றார் பெர்னார்ட். "எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான படிக்குதுங்க. வேலைக்குப் போயி கட்டுவான்."

"அவ மகளுக்கு சும்மா, என் மகனுக்குக் கடனா?"

"ஐலீன், அந்த வீட்டு நெலமையும் நம்ம நெலமையும் ஒன்னா?"

"உங்களுக்கு ஓவர்டைம் செய்யத் தெரியும், வேற என்ன தெரியும்?" என்றேன். பாவம், என்னால் ஓடின மனுஷனை நானே கரித்துக்கொட்டினேன்.

அடுத்த நாள் அங்கம்மா நன்றி சொல்லக் கேசரி கொண்டுவந்தாள். முந்திரி வேறு போட்டிருந்தாள். பஸ் கழுவுகிறவளுக்கு முந்திரி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தபடியே தின்றேன். அந்த வாரம் லோஷினிக்குப் புதுப் பெட்டி வாங்கினார்கள், சக்கரம் வைத்தது. அந்தச் சக்கரம் வாசல் சிமெண்டில் கடகடவென்று உருண்ட சத்தம் என் காதில் விழுந்த நிமிஷத்தில்தான் நான் அந்தக் காரியத்தை முடிவு செய்தேன்.

மொட்டைக் கடுதாசி எழுதினேன். மலாயில், மடிக்கணினியில், பிராண்டன் குளித்துக்கொண்டிருக்கும்போது. இந்தக் குடும்பத்தின் தலைவர் ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் சம்பாதித்தவர், அந்தப் பணம் எங்கே? வீட்டில் ஏர்கோன் இருக்கிறது. பீரோவின் மேல் தட்டில், பிஸ்கட் டின்னுக்குள், இரட்டை வடத் தங்கச் சங்கிலி இருக்கிறது. நிஜ ஏழைகளின் பங்கை இவர்கள் தின்கிறார்கள். இப்படிக்கு, நியாயம் விரும்பும் ஒரு குடிமகன். குடிமகன் என்று போட்டது ஆண் எழுதியதாக நினைக்கட்டும் என்று. இரண்டு தாமான் தள்ளி ஒரு கடையில் அச்செடுத்து, தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் கோபப்பட்டேன் என்று மட்டும் சொன்னேன். சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். மூன்றோடு விட்டார் என்று நிம்மதியாக வந்தேன்.

கையோடு பிராண்டனுக்கு மேல்முறையீடும் போட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை தொலைபேசி வந்தது. ஒரு புவான், மலாயில் அம்மணி என்று அர்த்தம், மரியாதையாகப் பேசினார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு நிலைமையைப் பார்க்க வருகிறோம், வேறு ஒன்றும் தயார் செய்ய வேண்டாம் என்றார்.

தயார் செய்ய வேண்டாமாம். போனை வைத்துவிட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுவரை அடைத்துக்கொண்டு டிவி. கேக்குக்கென்று வாங்கிய இரண்டாவது குளிர்பெட்டி. மேசை அகலத்துக்கு கேக் சுடுகிற மின்சார அடுப்பு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் எந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பது?

எங்கே ஒளிப்பது? பெர்னார்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்தக் கூத்துக்கு நான் வரல." சாமான்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் ஊர் பார்க்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடுதான் இருந்தது. எந்த வீட்டைப் பற்றிப் புகார் எழுதினேனோ அந்த வீட்டு வாசலில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், போய் நின்றேன். கடுதாசி போட்டு ஒரு மாதமாகப் போகிறது, பதிலே இல்லை, குப்பையில் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

அங்கம்மா கதை முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "கொண்டாந்து வை லா. பிராண்டனுக்குக் கிடைச்சா எனக்குத்தான சந்தோஷம்."

அவளும் நானும் பிராண்டனும் சேர்ந்து நகர்த்தினோம். பிராண்டன் முகம் தொங்கிப்போயிருந்தது. "மா, வெட்கமா இருக்கு மா" என்று ஒருமுறை சொன்னான், நான் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான். பஸ் கழுவுகிற கை அவளுக்கு, குளிர்பெட்டியின் கனமான பக்கத்தை அவளே பிடித்துக்கொண்டாள். இறக்கி வைத்ததும் எனக்கு வியர்வை ஊற்றியது.

"ஏர்கோனப் போடேன்" என்றேன்.

"அது ஓடி நாலு வருஷம் ஆச்சு. கழட்டுனா சுவத்துல ஓட்ட தெரியும்னு விட்டு வச்சிருக்கேன்."

ஐயோ தப்பாக எழுதிவிட்டோமே என்று எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஓடாவிட்டாலும் ஏர்கோன் ஏர்கோன்தானே என்றுதான் தோன்றியது.

அதோடு விட்டாளா? என் கூடம் வெறிச்சோடி இருக்கும் என்று தன் வீட்டு மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளையும், கழுத்து ஒடிந்து கயிற்றால் கட்டிய காற்றாடியையும் கொடுத்தனுப்பினாள். போட்டுப் பார்த்தேன். என் வீடு அப்படியே ஏழை வீடாகிவிட்டது. இந்த நாற்காலி மாதிரி நாலு சாமான் நம் வீட்டில் முதலிலேயே இருந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லையே என்று அதற்கும் ஒரு பெருமூச்சு விட்டேன்.

புதன்கிழமை சரியாகப் பத்துக்கு அந்த புவானும் ஒரு இளம் அதிகாரியும் வந்தார்கள். முக்காடு போட்ட, அமைதியான அம்மா. சுவரில் டிவி மாட்டிய இரும்புச் சட்டத்தையும் அதைச் சுற்றி வெளுப்பாகத் தெரிந்த பெரிய கட்டத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டிவி?"

"ரோசாக், புவான்" என்றேன். கெட்டுப்போய்விட்டதாம்.

அவர் எழுதிக்கொண்டார். வந்தவர்களுக்கு வெறும் தண்ணீர் கொடுத்திருந்தால் போதும். பழக்க தோஷம், கோப்பி கலக்கி, நேற்றுச் சுட்ட பட்டர் கேக்கில் நாலு துண்டு வெட்டி வைத்துவிட்டேன். புவான் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, வீட்டிலேயே செய்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன், பெருமை தாங்காமல். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எழுந்துகொண்டவர் கோப்பைப் புரட்டினார். பக்கத்து வீடு அங்கம்மா என்பவருடையதுதானே என்று மலாயில் கேட்டார். அந்த வீட்டைப் பற்றி ஒரு புகார் வந்திருக்கிறதாம். இரண்டும் ஒரே வரிசை என்பதால் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று வந்தார்களாம்.

 அவள் வீட்டில் இல்லை, வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். புதன்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். அதே நேரம் அங்கம்மா கேட்டில் நின்று, சிரித்த முகத்தோடு, "புவான், மாரி மாசோக்" என்று உள்ளே கூப்பிட்டாள். பிராண்டன் விஷயமாக அக்கம் பக்கத்தில் விசாரிக்க வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள் போலும். நானும் பின்னாலேயே போனேன். போகாமல் எப்படி இருப்பது?

உள்ளே வீரமுத்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா கிடப்பதற்கு அவர் பார்க்கட்டும் என்று அங்கம்மா போட்டுவிட்டிருக்கிறாள். அவ்வளவு பெரிய படத்தை அந்த மனுஷன் வீட்டில் பார்த்தது கிடையாது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்தப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு குளிர்பெட்டி. சமையலறை வாசலை மறைத்துக்கொண்டு என் அடுப்பு. புவான் நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். இதெல்லாம் யாருடையது என்று கேட்டார்.

அங்கம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சாயா புன்யா, புவான்" என்றாள். என்னுடையதுதான் என்று.

அதற்குப் பிறகுதான் புவான் கடுதாசியை எடுத்தார்.

ஒவ்வொன்றாகக் கேட்டார். சிங்கப்பூர் பணம்? அங்கம்மா முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது. உள்ளே போய் வீரமுத்துவின் ஆஸ்பத்திரிப் புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டினாள், கட்டாக இருந்தது. ஏர்கோன்? இளம் அதிகாரி விசையைத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புவான் அடுத்த வரியைப் படித்தார்: பீரோவின் மேல் தட்டில், பிஸ்கட் டின்னுக்குள், இரட்டை வடச் சங்கிலி.

 அங்கம்மா போய் அந்த டின்னை எடுத்துவந்து மூடியைத் திறந்தாள். உள்ளே மாத்திரை அட்டைகள். சங்கிலி விற்றாகிவிட்டது என்று சொன்னாள். பதில் புவானுக்கு, பார்வை எனக்கு. அந்த டின்னைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்தான். ஒருத்தி அவள், ஒருவருக்குப் பேச்சு வராது.

புவான் வருத்தமாகத்தான் பேசினார். மற்றதெல்லாம் சரி, ஆனால் இவ்வளவு பெரிய டிவியும் இரண்டு குளிர்பெட்டியும் உங்களுடையது என்று நீங்களே சொல்கிறீர்கள், நான் எழுதித்தான் ஆக வேண்டும், மகளின் உதவித்தொகையை நிறுத்தி வைத்து மறுபடி விசாரிப்பார்கள் என்றார். லோஷினி அடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தாள். அடுத்த திங்கட்கிழமை அவள் கெடாவில் பதிய வேண்டும்.

"அம்மா, சொல்லுங்கம்மா" என்றாள் தமிழில், சின்னக் குரலில்.

"சொல்ல வேண்டியவங்க சொல்லட்டும்" என்றாள் அங்கம்மா.

நான் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்: நான் வாயைத் திறக்கவில்லை. கோடு இப்போது நகர்ந்துவிட்டது, அவள் மேலே போகிறாள், நான் கீழே வருகிறேன், பிராண்டனுக்குக் கிடைத்துவிடும் என்று என் மனசு கணக்குப் போட்டது. லோஷினி என்னைப் பார்த்தாள். நான் வீரமுத்துவைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புவான் எழுதத் தொடங்கினார். இளம் அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினார். தொலைக்காட்சி, ஐம்பத்தைந்து அங்குலம், உரிமையாளர் அங்கம்மா.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நியாயம் தாங்கவில்லை, மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பொய். என் புருஷன் ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லாமல் உழைத்து வாங்கிய டிவி, என் டிவி, அரசாங்கத் தாளில் அவள் பேருக்குப் போகிறது. காலணியும் அவளுக்கு, பந்துவானும் அவளுக்கு, கடைசியில் என் டிவியும் அவளுக்கா?

"இத்து சாயா புன்யா" என்றேன். அது என்னுடையது. எல்லாரும் திரும்பும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. "டிவி என்னுடையது, பெட்டி என்னுடையது, அடுப்பு என்னுடையது, நேத்துதான் இங்க கொண்டுவந்து வச்சேன்" என்று மலாயும் தமிழுமாகக் கொட்டினேன். போனில் இருந்த டிவி ரசீதைக் காட்டினேன், பெர்னார்ட் பேரில், தேதியோடு. புவான் அடுப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேக் விற்கிறேன் என்று அவர் கேட்காமலேயே சொல்லிவிட்டேன். சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். லோஷினியிடம் பயப்படாமல் போய்ப் பதிந்துகொள் என்றார். என்னிடம், மேல்முறையீட்டை முடித்துவிடுகிறோம், புவான் என்றார். கடுதாசியை யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை.

அவர்கள் கார் திரும்பியதும் சாமான்களை எடுத்தோம். அங்கம்மா முன்பு போலவே குளிர்பெட்டியின் கனமான பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஏதாவது கத்துவாள், நானும் பதிலுக்குக் கத்துவேன், அதோடு தீர்ந்துவிடும் என்று காத்திருந்தேன்.  அவளோ கடைசியாக டிவியைச் சட்டத்தில் மாட்டிவிட்டு, என் கூடத்தில் கிடந்த தன் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அங்கம்மா" என்றேன்.

"சங்கிலிய வித்த அன்னைக்கு நேரா உங்கிட்டதான் வந்தேன், ஐலீன். ஒரு மூச்சு அழணும்னு இருந்துச்சு. நீ கேக் ஆர்டர் இருக்குன்ன. சரின்னு போயிட்டேன்." நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டாள். "வேற யார்கிட்டயும் சொல்லல. அதான் அது இன்னும் டின்னுல இருக்குன்னு நீ எழுதிட்ட."

லோஷினி கெடாவுக்குப் போய்விட்டாள். பெட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது எங்கள் வாசலில் நின்று, "வரேன் ஆண்டி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், அந்த வளர்ப்பு அப்படி. பிராண்டன் கடன் எடுத்துப் படிக்கிறான், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அவன் அப்பா சொன்னது போலவே ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

அங்கம்மா என்னோடு பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. கேட்டால் பதில் சொல்கிறாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தேன், தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள், ஆனால் காலியாகக் கொடுத்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு வேலை விட்டு வந்து குளித்ததும் முன்பெல்லாம் பின்பக்க வேலியில் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம்தான் பேசுவாள். எந்த பஸ்ஸில் எவன் செருப்பை விட்டுப்போனான், எந்த டிரைவர் எவளிடம் பல்லைக் காட்டினான் என்று அரை மணி நேரம் போகும். பாதி நான் காதில்கூட வாங்கியதில்லை.

இப்போது அவள் மூன்றாவது வீட்டு ராஜம்மாவிடம் போகிறாள். ராஜம்மா இந்தத் தாமானுக்கு வந்தே ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. அங்கம்மாவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? நேற்று அந்த வீட்டு கிரில்லுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்று, அங்கம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, ராஜம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என்ன சொன்னாள் என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.